பட்டப்பேரு: கோவை சரளா

இன்டர்னல்ஸ், ரெக்கார்டு நோட்டு, அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்னு வண்டி எப்படி ஓடுது? இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். உங்க கிளாஸ்ல 'கோவை சரளா'ன்னு பட்டப்பேர் வாங்கின பொண்ணு யாரு?

ரொம்ப யோசிக்காதீங்க. எந்த காலேஜா இருந்தாலும், எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும் ஒருத்தி கண்டிப்பா இருப்பா. கொஞ்சம் சத்தமாப் பேசணும், அவ்வளவுதான் தகுதி. அதோட வாக்கியத்துக்கு ரெண்டு 'ங்க' சேர்ந்துட்டா, போட்டியே இல்லாம செலக்டட்!

எங்க கிளாஸ்ல அந்தப் பதவி அடியேனுக்கு. சொந்த ஊரு ஆனைமலை. மாசாணியம்மன் கோயில்னு சொன்னா பாதிப் பேருக்கு வழி தெரிஞ்சுடும், டாப்ஸ்லிப்புக்குப் போற வழின்னு சொன்னா மீதிப் பேருக்கும் தெரிஞ்சுடும். முதல் வருஷம் செமினார்ல, பைப்புக்குள்ள தண்ணி எப்படி ஓடுதுன்னு போர்டுல படம் போட்டு, "அக்கட்டால இருந்து இக்கட்டால வருதுங்க"ன்னு நான் சொன்னதுதான் தாமதம்... கடைசி பெஞ்சுல இருந்து வந்து விழுந்துச்சு அந்தப் பேரு. மொத்த கிளாஸும் சிரிச்சுது. இத்தனைக்கும் காலேஜ் இருக்கறது கோயமுத்தூர்ல! கோயமுத்தூர்லயே கோயமுத்தூர்த் தமிழ் பேசினா காமெடின்னா, அது எந்த ஊர் நியாயமுங்க?

சரி, சிரிச்சது சிரிச்சாச்சு. நான் கேக்க வந்தது வேற. அதே கிளாஸ்ல சூலூர்ப் பையன் ஒருத்தன் இருக்கான். அவனும் இதே தமிழ்தான், இதே 'ங்க'தான். ஆனா அவன் பேசினா, "மாப்ள, செம லொள்ளுடா உனக்கு"ன்னு தோள்ல கை போடறாங்க. அவனுக்குக் கிடைச்ச பட்டம் 'சத்யராஜ்'. ஒரே தமிழ்... அவன் வாயில வந்தா கெத்து, என் வாயில வந்தா கேலி. இந்தக் கணக்கு எங்க இடிக்குது?

இதுக்கு விடை தேடப் போய்த்தான் இந்த வாரக் கேரக்டர் மாட்டினாங்க. கோவை சரளாவேதான்!

முதல்ல பேரைப் பாருங்க. நம்ம பக்கத்துல இருந்து சினிமாவுக்குப் போனவங்க கொஞ்ச நஞ்சமில்ல. கவுண்டமணிக்கு ஊரு உடுமலைப்பேட்டை பக்கம் வல்லக்குண்டாபுரம். எங்க ஊர்ல இருந்து வண்டி எடுத்தா சீக்கிரமாப் போயிடலாம். பாக்யராஜுக்குக் கோபி பக்கம் வெள்ளாங்கோயில். மணிவண்ணனுக்குச் சூலூர். சத்யராஜ் சாட்சாத் கோயமுத்தூர்க்காரர். இந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட ஊர் பேரை நெத்தியில ஒட்டிக்கிட்டு வரல. சரளா ஒட்டிக்கிட்டு வந்தாங்க. தமிழ்நாட்டுல எந்த மூலைக்குப் போனாலும் இவங்க பேரைச் சொல்றப்பல்லாம் நம்ம ஊர் பேரையும் சேர்த்துத்தான் சொல்லியாகணும். மாவட்ட நிர்வாகம் கூட இவ்வளவு விளம்பரம் பண்ணியிருக்காது!

எம்.ஜி.ஆர். படங்களைப் பார்த்துப் பார்த்து நடிப்பு ஆசை வந்து, ஸ்கூல் படிக்கற வயசுலயே கேமரா முன்னாடி நின்னவங்க இவங்க. முதல் படம் 'வெள்ளி ரதம்', 1979ல. விஜயகுமாரும் கே.ஆர்.விஜயாவும் நடிச்ச படம். அப்புறம் 1983ல பாக்யராஜோட 'முந்தானை முடிச்சு'. ஊரே ஊர்வசியைப் பார்த்துக்கிட்டு இருந்த அந்தப் படத்துல, சரளாவுக்குக் கிடைச்சது தன்னைவிட வயசுல மூத்த ஒரு கர்ப்பிணிப் பொண்ணு வேஷம்.

இதாவது பரவாயில்ல. அடுத்ததைக் கேளுங்க. 1985ல 'சின்ன வீடு'. அதுல பாக்யராஜுக்கு அம்மா! பாக்யராஜ் பொறந்தது 1953. அப்ப அவருக்கு 32 வயசு. 'அம்மா'வுக்கோ இருபதுகளைத் தாண்டாத வயசு. மகனைவிடச் சின்ன அம்மா! கால்குலேட்டர் எடுத்துத் தட்டிப் பாருங்க, எர்ரர்னுதான் வரும். தமிழ் சினிமாவுக்கு மட்டும் வரல.

ஏன் வரலைன்னா, அங்க ஒரு எழுதாத விதி இருக்கு. ஹீரோ அம்பது வயசுலயும் காலேஜ் பேக் மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கலாம். ஹீரோயினுக்குக் கல்யாணம் ஆயிட்டா அண்ணி வேஷம். சிரிக்க வைக்கற பொண்ணுன்னா, அவளுக்கு வயசே கிடையாது. இருபதுலயே கிழவி ஆக்கிடலாம். அவ அழகா இருக்காளா இல்லையாங்கறதுதான் பாதி ஜோக்கே. அந்த விதியோட விளையாடிக்கிட்டேதான் இவங்க மேல வந்தாங்க.

1989ல 'கரகாட்டக்காரன்'. கங்கை அமரன் டைரக்ஷன், ராமராஜன், கனகா, மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடின ஓட்டம்... இதெல்லாம் உங்க அப்பா அம்மாவே சொல்லியிருப்பாங்க. வாழைப்பழ ஜோக்கை நாம தொட்டில்லயே கேட்டு வளர்ந்துட்டோம். ஒண்ணு மட்டும் கவனிங்க. ஒரு பக்கம் கவுண்டமணி, மறுபக்கம் செந்தில். ரெண்டு பேரும் சேர்ந்தா நடுவுல ஒரு ஈகூட நுழைய முடியாத காலம் அது. அந்தக் கோஷ்டிக்குள்ள ஒரு பொண்ணு நின்னு, தன் பங்கு சிரிப்பைத் தட்டிட்டுப் போயிருக்காங்க.

நம்ம சினிமாவுல காமெடி பண்ற பொண்ணுன்னா யாருக்காவது ஜோடியா இருக்கணும்ங்கறது ஆதிகாலத்துப் பழக்கம். என்.எஸ்.கிருஷ்ணனுக்கு டி.ஏ.மதுரம், தங்கவேலுவுக்கு எம்.சரோஜா, நாகேஷுக்கு மனோரமா. இவங்கள்ல மனோரமா மட்டும் அந்த ஜோடி வட்டத்தைத் தாண்டித் தனியா ஒரு சாம்ராஜ்யமே கட்டிட்டாங்க. 2015 அக்டோபர்ல ஆச்சி இறந்தப்ப நாம சின்னப் பசங்க. டி.வி.யில நாள் பூரா அவங்க படமா ஓடினது ஞாபகம் இருக்கும்.

ஆச்சியை நான் இங்க இழுக்கறதுக்கு வேற ஒரு காரணமும் இருக்கு. 1992ல வந்த 'சின்ன கவுண்டர்' படத்துல விஜயகாந்துக்கு அம்மா அவங்கதான். எடுப்பான பல்லு வச்சுக்கிட்டுக் கொங்குத் தமிழ் பேசுவாங்களே, அதே. மன்னார்குடியில பொறந்து செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவங்க நம்ம தமிழை அப்படிப் பேசினது பெரிய வித்தை, சந்தேகமே இல்ல. ஆனா அது வெளியில இருந்து கத்துக்கிட்டது. சரளாவுக்கு அது காதோட ஒட்டி வளர்ந்தது. எங்க ஊர் ஆத்தாங்க ரெண்டு படத்தையும் பார்த்துட்டு என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். "ஆச்சி நல்லாப் பேசறாங்க. இவங்க நம்மளாட்டவே பேசறாங்க"ன்னாங்க. இதுக்கு மேல நான் என்ன விமர்சனம் எழுதறது?

தொண்ணூறுகள்ல வடிவேலு வந்ததும், சரளா-வடிவேலு ஜோடி. வி.சேகர் எடுத்த குடும்பப் படங்கள் ஞாபகம் இருக்கா? 'காலம் மாறிப்போச்சு' (1996), 'விரலுக்கேத்த வீக்கம்' (1999). ஞாயித்துக்கிழமை மத்தியானம் டி.வி.யில வந்தா, "இதையேவா மறுபடியும்"னு சொல்லிக்கிட்டே முழுசாப் பார்த்து முடிக்கற ரகம். 'விரலுக்கேத்த வீக்கம்'ல மூணு புருஷன்மார், மூணு பொண்டாட்டிமார். வரவுக்கு மேல செலவு பண்ற ஆம்பளைங்களைப் பார்த்து வெறுத்துப் போய்ப் பொம்பளைங்க வேலைக்குக் கிளம்பறதுதான் கதை. வடிவேலுவுக்கு ஜோடி சரளா. இன்னிக்கு உங்க வாட்ஸப்ல சுத்தற சரளா ஸ்டிக்கர்ல பாதி, இந்த ஜோடியோட சண்டையில இருந்து வெட்டி எடுத்ததாத்தான் இருக்கும்.

உள்ளதைச் சொல்லணும்னா, அந்தக் காலத்துல இவங்க பண்ணின நூத்துக்கணக்கான படத்துல பாதி எனக்குப் பிடிக்கல. கத்தற பொண்டாட்டி, புருஷனைத் தொரத்தித் தொரத்தி அடிக்கற பொண்டாட்டி, மேக்கப் ஜாஸ்தி போட்ட பொண்டாட்டி... டைரக்டருங்க இவங்களைக் கூப்பிட்டு அதே ஒரு சட்டையைத்தான் திரும்பத் திரும்பத் துவைச்சுக் கொடுத்திருக்காங்க. எங்க கடைசி பெஞ்சு கத்தின அந்தப் பேரு, இந்தப் படங்கள்ல இருந்து வந்தது. தியேட்டர்ல இருபது வருஷம் சிரிச்சுச் சிரிச்சு, 'கொங்குத் தமிழ் பேசற பொம்பள'ன்னா 'கத்தற பொம்பள'ன்னு ஆயிடுச்சு. ஆம்பளைங்களுக்கு அப்படி ஆகல. 1994ல 'அமைதிப்படை'யில சத்யராஜும் மணிவண்ணனும் இதே தமிழ்ல அடிச்ச லொள்ளுக்கு ஊரே விசில் அடிச்சுது. ஏன்னா அங்க பேசறவர் கையில கதை இருந்துச்சு. சரளா கையில பெரும்பாலும் பூரிக்கட்டைதான் இருந்துச்சு!

அப்படியே போயிருந்தா நான் இந்தப் பத்தியையே எழுதியிருக்க மாட்டேன். 1995 வந்துச்சு. 'சதி லீலாவதி' வந்துச்சு.

பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன பில்டப். எடுத்தது பாலு மகேந்திரா. 'வீடு', 'மூன்றாம் பிறை' எடுத்த மனுஷன். மட்டக்களப்புல பொறந்தவர். வசனம் கிரேஸி மோகன். தயாரிச்சதும், டாக்டர் சக்திவேல் கவுண்டரா நடிச்சதும் கமல். 'மகாநதி', 'நம்மவர்' ரெண்டையும் 1994ல முடிச்சுட்டு அடுத்து அவர் வந்த படம் இது. அந்த கமலுக்கு ஜோடி யாருன்னு நினைக்கறீங்க? அதுவரைக்கும் காமெடி டிராக்குல நாலு சீன் வந்துட்டுப் போயிட்டு இருந்த கோவை சரளா! கேரக்டர் பேரு பழனி. அந்தப் பேரே எவ்வளவு நம்மூருப் பேரு பாருங்க.

கதை இதுதான். ரமேஷ் அரவிந்துக்குக் குண்டான பொண்டாட்டி கல்பனா. அவரு ஹீரா பின்னாடி போறாரு. நடுவுல மாட்டிக்கிறவர் கமல். ப்ரெண்டுக்காகப் பொய் சொல்லப் போய், சொந்தப் பொண்டாட்டிகிட்டச் சந்தேகக் கேஸ் ஆகறாரு. இந்தப் படத்துல கல்பனாவோட வருத்தம் ஒரு பக்கம்னா, படத்தை ஓட வைக்கற மோட்டார் பழனியோட சந்தேகம்தான். அவங்க கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் கமல் ஒரு பொய் சொல்லியாகணும். அந்தப் பொய்யைக் காப்பாத்த இன்னொரு பொய். பழனி முட்டாளா இருந்திருந்தா முதல் ரீல்லயே படம் முடிஞ்சிருக்கும். அவங்களுக்கு மூளை வேலை செய்யுது, அதனாலதான் நாம சிரிக்கறோம். 'பொண்டாட்டி கத்தறா, அதனால சிரி'ங்கறதுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் இருக்குன்னு பாருங்க!

அப்புறம் அந்தத் தமிழ். கொங்குத் தமிழோட பெரிய விசேஷமே, மரியாதை குறையாமத் திட்ட முடியும்ங்கறதுதான். மத்த ஊர்ல கோவம் வந்தா 'நீங்க' போயி 'நீ' வந்துடும். நம்மூர்ல கோவம் உச்சத்துக்குப் போனாலும் 'ங்க' கீழ விழாது. "உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" கேக்கறவருக்கு அடி விழுந்துச்சா, பூமாலை விழுந்துச்சான்னே புரியாது. ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் சேர்த்து மிதிக்கற மாதிரி. அந்த ரெண்டுக்கும் நடுவுல வண்டி எங்க குலுங்கும்ங்கறது சரளாவுக்கு அத்துப்படி. ஒரு சொல்லை இழுக்கறாங்க, திடீர்னு நிறுத்தறாங்க, அப்புறம் கீச்சுனு மேல போறாங்க. கூடவே 'மாருகோ மாருகோ' பாட்டை கமலோட சேர்ந்து ஆடிப்பாடறாங்க. 'வெற்றி விழா'வுல வந்த அதே பாட்டு. அங்க அது ஸ்டைலு, இங்க அது புருஷன் பொண்டாட்டி கும்மாளம்.

இந்த வேஷத்துக்கு எவ்வளவு வெயிட்டுன்னு தெரியணும்னா, படம் வேற மொழிக்குப் போனப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க. இந்தியில 1999ல 'பீவி நம்பர் 1'. டாக்டரோட பொண்டாட்டி வேஷம் அங்க தபுவுக்கு. தபு எந்த லெவல் நடிகைன்னு உங்களுக்கே தெரியும். கன்னடத்துல 2005ல 'ராம ஷாம பாமா'. கமலே போயி நடிச்சாரு, ஜோடி ஊர்வசி. அங்க அவங்க ரெண்டு பேரும் பேசினது பெங்களூர்க் கன்னடம் இல்ல, வட கர்நாடகத்துக் கன்னடம்! அதாவது, அந்த ஜோடிக்குச் சொந்தமா ஒரு ஊர்ப்பேச்சு இல்லேன்னா படம் நிக்காதுன்னு எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம ப்ளேஸ்மெண்ட் ட்ரெயினிங்ல மட்டும், "ஊர் வாசனை இல்லாமப் பேசுங்க, நியூட்ரலா இருக்கணும்"னு சொல்லித் தர்றாங்க. வாசனை இல்லாத பேச்சை வச்சு என்ன பண்றது, ரூம் ஸ்ப்ரேயா அடிக்கறது?

பழனி மாதிரி இன்னொண்ணு உடனே வந்துச்சான்னா, இல்ல. அதுதான் எனக்கு ஆத்திரமே. தமிழ்நாடு அரசோட சிறந்த நகைச்சுவை நடிகை விருது வாங்கினாங்க, தெலுங்குப் பக்கம் போயி பிரம்மானந்தத்தோட ஜோடி சேர்ந்து அங்கேயும் கொடி நாட்டினாங்க, நந்தி விருதும் வாங்கினாங்க. எல்லாம் சரி. கதையை நகர்த்தற வேஷம் மட்டும் வரல. பழையபடி அந்தத் துவைச்ச சட்டைதான்.

நம்ம செட்டுக்கு இவங்க அறிமுகம் ஆனது பேய் படத்துலதான். ராகவா லாரன்ஸோட 'முனி' (2007), அப்புறம் 'காஞ்சனா' (2011), அதுக்கடுத்த பாகங்கள். பேய்க்குப் பயந்த புள்ளை அம்மா இடுப்புல ஏறி உட்கார்ந்துக்கும். வளர்ந்து நிக்கற ஆம்பளையை இடுப்புல சுமந்துக்கிட்டு ஒரு நடிகை டைமிங்கும் தப்பாம வசனம் பேசறாங்கன்னா, அது சும்மா இல்ல. காஞ்சனாவுல தேவதர்ஷினியோட சேர்ந்து வீட்டுல பேய் இருக்குதான்னு சோதிச்சுப் பார்க்கற காட்சி இருக்கே... மாமியார் மருமக ரெண்டு பேரும் பயத்தை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டு நடிச்சிருப்பாங்க. ஹீரோ அந்த இடத்துல இல்லாமலே தியேட்டர் அதிர்ந்துச்சு. என்னைக் கேட்டா, 'காஞ்சனா' ஓடினதுல பேய்க்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த ரெண்டு பொம்பளைங்களுக்கும் உண்டு.

அப்புறம் 2022 டிசம்பர் கடைசியில ஒரு படம் வந்துச்சு. 'செம்பி'. பிரபு சாலமன் எடுத்தது. கொடைக்கானல் மலையில தேன் எடுக்கற பழங்குடிப் பாட்டி வீரத்தாயி. கூட ஒரே ஒரு பேத்தி. அந்தக் குழந்தைக்கு ஒரு கொடுமை நடக்குது. விசாரிக்க வேண்டிய போலீஸே விலை பேச வருது. பாட்டி பேத்தியைக் கூட்டிக்கிட்டு ஒரு பஸ்ஸுல ஏறித் தப்பிக்கறாங்க.

வீரத்தாயி, கோவை சரளா.

படத்துல குறை இல்லாம இல்ல. பஸ்ஸுக்குள்ள ஆளாளுக்கு வசனம் பேசி நமக்கு வகுப்பு எடுக்கறாங்க, ரெண்டாவது பாதி நீளம். ஆனா சரளா வர்ற இடத்துல எந்தக் குறையும் கண்ணுல படாது. நரைச்ச தலை, கூன் போட்ட முதுகு, மலை ஏறி ஏறிப் பழகின நடை. அந்தக் கீச்சுக் குரலைத் தேடிப் பாருங்க, கிடைக்காது. 'சின்ன வீடு'ல தன்னைவிட மூத்தவருக்கு அம்மாவா நின்னவங்க, 37 வருஷம் கழிச்சு ஏறக்குறைய தன் வயசுக்குப் பக்கத்துல இருக்கற வேஷத்துல நிக்கறாங்க. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கற எங்களுக்கு அந்தப் பாட்டி புதுசு இல்ல. எங்க ஊர்ச் சந்தைக்கு மேல இருந்து தேன் பாட்டிலோட இறங்கி வர்றவங்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அவங்க அதிகம் பேச மாட்டாங்க, விலையை ஒரு தடவைதான் சொல்லுவாங்க. சரளா அந்தப் பேசாத தன்மையைப் பிடிச்சிருந்தாங்க. இத்தனை வருஷமா வாயாலயே பொழைச்ச நடிகை, வாயை மூடிக்கிட்டு நடிச்ச படம்.

படம் பெரிசா ஓடல. 2024ல 'அரண்மனை 4' வந்துச்சு. மறுபடியும் பேய், மறுபடியும் கூச்சல், மறுபடியும் ஓட்டம். அந்தப் படம்தான் வசூல்ல பின்னி எடுத்துச்சு. தமிழ் சினிமாவுல எழுதற உட்கார்ந்திருக்கறவங்க கணக்கு எந்தப் பக்கம் பார்த்து எழுதுவாங்கன்னு நான் சொல்லவே வேண்டாம். 1995ல ஒரு பழனி, 2022ல ஒரு வீரத்தாயி. இடையில 27 வருஷம். விஸ்காம் படிக்கற, ஷார்ட் பிலிம் எடுக்கறேன்னு கேமராவோட சுத்தற மக்களே, மூணாவது ஒண்ணை உங்கள்ல யாராவது எழுதி வச்சிருந்தா அனுப்புங்க. நான் படிச்சுட்டுக் கொங்குத் தமிழ் மட்டும் திருத்தித் தர்றேன், பீஸ் வாங்க மாட்டேன்.

எழுதத் தெரியாதவங்களுக்கு வேற ஒரு வேலை. இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல லைட் ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் 'சதி லீலாவதி'யைப் போட்டு, ஸ்க்ரீனைத் திருப்பி வச்சுட்டு, ஹெட்போன்ல வெறும் சத்தத்தை மட்டும் கேளுங்க. எந்த 'ங்க' கொஞ்சல், எந்த 'ங்க' மிரட்டல், எந்த 'ங்க'வுக்கு அடுத்து அடி விழப்போகுதுன்னு முகத்தைப் பார்க்காமலே சொல்ல முடியுதான்னு பாருங்க. வார்டன் வந்து ஏன் இருட்டுல தனியாச் சிரிக்கறேன்னு கேட்டா, லேங்வேஜ் லேப் அசைன்மெண்ட்னு சொல்லிக்கோங்க.

எனக்கு மூணு மணிக்கு லேப். ரெக்கார்டுல இன்னும் சைன் வாங்கல. வரட்டுங்களா?